கேமராவை விற்பதா, வைத்துக்கொள்வதா? ஆர்வம் போன கல்யாணப் போட்டோகிராபருக்கு இருக்கும் வழிகள்

போன ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். மேடை வேலை முடிந்து, கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். என்னோடு இரண்டாவது கேமராவுக்கு வரும் தம்பி, இலையில் சாம்பார் விழும் வரை பேசாமல் இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “அண்ணே, கேமராவை வித்துடலாம்னு இருக்கேன். கை எடுக்குது, மனசு எடுக்கல.” அவனுக்கு 27 வயது. நல்ல கண் உள்ள பையன்.

சாப்பிட்டு முடிக்கும் வரை நான் பதில் சொல்லவில்லை. “எல்லாம் சரியாயிடும்டா” என்று முதுகில் தட்டி அனுப்பியிருக்கலாம். எனக்கும் நாலு பேர் அப்படித்தான் சொன்னார்கள், ஆனால் எதுவும் தானாகச் சரியாகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நானும் அதே இடத்தில் நின்றவன். அன்றைக்கு என் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றும் என்ன விலை கேட்டது, யாருக்கு எது ஒத்துவரும் என்று அவனுக்காக யோசித்து எழுதியதுதான் இது. டிசைன், வீடியோ எடிட்டிங், தையல், மேடைக் கச்சேரி என்று ஆசைப்பட்டு ஒரு தொழிலுக்குள் வந்து, பிறகு அந்த ஆசை வற்றிப்போன எவருக்கும் இதில் பாதியாவது பொருந்தும். உதாரணங்கள் மட்டும் எனக்குத் தெரிந்த கல்யாண மண்டபத்திலிருந்து வரும்.

எனக்கு அது உறைத்த நாள்

ஓர் ஆல்பம் கொடுத்து நாலு நாள் கழித்துப் பெண்ணின் அம்மா போன் செய்தார். கோபமே இல்லாத குரல். “தம்பி, பதினாலாம் பக்கத்துல இருக்கிறது எங்க தாலி இல்லையே.”

கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். இரண்டு கைகள், மஞ்சள் கயிறு, பாதி விழுந்த முடிச்சு, பின்னால் மங்கலாக மாலை. முகமே இல்லாத க்ளோசப். முந்தின வாரம் எடுத்த வேறொரு கல்யாணத்தின் படம் இந்த ஆல்பத்துக்குள் வந்திருந்தது. தாலியின் வடிவம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதை வைத்துத்தான் அந்த அம்மா கண்டுபிடித்திருக்கிறார். இரண்டு ஃபோல்டரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். அதே 35 எம்எம் லென்ஸ், அதே பக்கம், அதே உயரம். நான் எடுத்த இரண்டு படங்களை என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வரும் நொடி அது. நான் அதை எடுத்திருக்கிறேன், பார்க்கவில்லை.

என் செலவில் அந்த ஆல்பத்தை மறுபடி அடித்துக் கொடுத்து, நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 12 வருஷமாகச் செய்த வேலை. ஆரம்பத்தில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முதல் நாள் ராத்திரியே மண்டபத்துக்குப் போய், விடிகாலை வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாக வரும் என்று பார்த்து வைப்பேன். அந்த ஆள் எப்போது போனான் என்றே தெரியவில்லை.

முதலில், போனது எது?

வழிகளை ஒப்பிடும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் தலைவலிக்கு வயிற்று மருந்து சாப்பிட்ட கதையாகிவிடும். “ஆர்வம் போச்சு” என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். உள்ளே மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, உடம்பு. வைகாசியில் தொடர்ந்து ஆறு முகூர்த்தம், ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள் ரிசப்ஷன், விடிகாலை 4 மணிக்கு எழுந்திருப்பது, திரும்பி வந்து 4,000 படத்தைச் சலித்து எடுப்பது என்று போனால் யாருக்கும் எதுவும் பிடிக்காது. இரண்டாவது, ஆட்கள். பாக்கிப் பணத்துக்கு அலைய விடுவது, ஆறு மாதமாகியும் படம் செலக்ட் பண்ணித் தராமல் “ஆல்பம் என்னாச்சு” என்று கேட்பது, வேறு யாரோ எடுத்த ரீல்ஸைக் காட்டி அப்படியே வேண்டும் என்பது. மூன்றாவது, கண். உடம்பு நன்றாக இருக்கும், பணம் ஒழுங்காக வரும், ஆனால் எதைப் பார்த்தாலும் கேமராவைத் தூக்கத் தோன்றாது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு, 2019-ல் ஏற்கப்பட்டது. அதில் வேலைச் சோர்வுக்கும் இப்படி மூன்று அடையாளங்கள்தான் சொல்லியிருக்கிறார்கள்: சக்தி தீர்ந்துபோவது, வேலையிலிருந்து மனசு விலகி அதன்மேல் கசப்பு வருவது, செய்கிற வேலை உருப்படியாக இல்லை என்ற எண்ணம். அதை ஒரு நோயாக அவர்கள் சேர்க்கவில்லை, வேலையோடு சேர்ந்து வரும் ஒரு நிலையாகத்தான் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. என்னிடம் ஏதோ கோளாறு என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேமரா மட்டுமில்லாமல் சாப்பாடு, பிள்ளைகள், கூட்டாளிகள் எதுவுமே பிடிக்காமல், தூக்கமும் கெட்டு வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். அந்த நிலைமையில் தொழிலை விடுவதா வேண்டாமா என்ற முடிவே எடுக்கக் கூடாது.

முழுதாக நிறுத்திவிட்டு ஓய்வெடுப்பது

எல்லோரும் முதலில் சொல்லும் வழி இதுதான். நமக்குக் காலண்டரே வசதியாக இருக்கிறது: ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, பல வீடுகளில் புரட்டாசியிலும் வைப்பதில்லை. நான் அந்த வருஷம் ஆடி முழுக்க ஸ்டூடியோவைப் பூட்டினேன். முதல் பத்து நாள் வெறும் தூக்கம். அடுத்த பத்து நாள் போனைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கடைசிப் பத்து நாள், ஆவணி வந்துவிடுமே என்ற பயம். உடம்பு தேறியது, கண் தேறவில்லை.

நியூயார்க்கில் ஸ்டெஃபான் சாக்மைஸ்டர் என்று ஒரு டிசைனர். ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை தன் ஆபீஸை ஒரு வருஷம் முழுக்க மூடிவிடுவார். 2009-ல் ஒரு மேடையில் இதைப் பற்றி விரிவாகப் பேசினார். அதில் எனக்கு உதவியது அவர் ஏழு வருஷக் கணக்கு இல்லை, முதல் தடவை எப்படிச் சொதப்பியது என்று அவர் சொன்னதுதான். திட்டம் எதுவும் வைக்காமல் மூடியிருக்கிறார். கையில் நேரம் இருந்தும், பத்திரிகைகள் கேட்ட சின்னச் சின்ன விவரங்களை அனுப்பிக்கொண்டு தன் ஆபீஸில் தானே எடுபிடிபோல ஆகிவிட்டார். பிறகு தனக்குப் பிடித்தவற்றையெல்லாம் எழுதி, பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி மணிக்கணக்கில் பிரித்துப் போட்ட பிறகுதான் அந்த ஓய்வு பலன் கொடுத்திருக்கிறது.

ஆக, போனது உடம்பு என்றால் ஓய்வு நிச்சயம் வேலை செய்யும், ஒரு மாதமே கூடப் போதும். போனது கண் என்றால் வெறும் ஓய்வு போதாது. ஒரு வருஷம் மூடுவது நம் ஊரில் எனக்குத் தெரிந்த யாருக்கும் கட்டாது. வாடகை, லோன் தவணை ஒரு பக்கம். நம் தொழில் வாய்வார்த்தையில் ஓடுவது இன்னொரு பக்கம். ஒரு தை மாதம் போன் எடுக்கவில்லை என்றால் அடுத்த தைக்கு நம்மை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

குறைத்துக்கொள்வது

என் கணக்கையே சொல்கிறேன். அப்போது வருஷத்துக்கு 38 கல்யாணம். ஒன்றுக்கு பில் 45,000 ரூபாய். உதவிக்கு வரும் ஆட்கள், டிரோன், ஆல்பம் அடிக்கும் கூலி, வண்டிச் செலவு எல்லாம் போக 18,000 நிற்கும். வருஷத்துக்கு 6,84,000. அடுத்த வருஷம் பில்லை 60,000 ஆக்கினேன், 28,000 நின்றது. 24 கல்யாணம் வந்தால் கிட்டத்தட்ட பழைய வருமானம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். வந்தது 21. அதாவது 5,88,000. கையில் 96,000 குறைந்தது. அந்த வருஷம் பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் 17 கல்யாணம் குறைந்ததில் ஏறக்குறைய 50 நாள் கையில் வந்தது. அதைவிட, விலையை ஏற்றியபோது விலகிப்போனவர்களில் பாதிப் பேர் என்னை அலைக்கழித்தவர்கள். ஆட்களால் வெறுத்துப்போனவர்களுக்கு இதுதான் சரியான மருந்து என்று உறுதியாகச் சொல்வேன். அட்வான்ஸ் பாதி, முகூர்த்தத்தன்று கால்வாசி, ஆல்பம் கைக்குப் போகும்போது மீதி, படம் செலக்ட் பண்ண 45 நாள் கெடு என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தேன். அந்த ஒற்றைத்தாள் என் வெறுப்பில் பெரும் பகுதியைத் துடைத்தது. கலை செத்துவிட்டது என்று நான் புலம்பியதில் ஒரு பங்கு, வராத பாக்கிக்கான கோபம்தான்.

தம்பிக்கு இந்த வழி முழுதாகக் கிடையாது. அவன் தினக்கூலிக்கு வருகிறவன், விலை வைப்பது அவன் இல்லை. அவனால் நாட்களைக் குறைக்க முடியும், விலையை ஏற்ற முடியாது.

சம்பளத்துக்குப் போய்விட்டு, படத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்வது

இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். 1973-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு பற்றிப் படித்ததிலிருந்து இந்த எண்ணம் வலுத்தது. படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும், வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் கலர் பேனாக்களை மறுபடி வைத்தபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசைப் பற்றி முன்பே சொல்லாமல் திடீரென்று கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை.

இதைப் படித்தபோது என் கேமரா பேக் நினைவுக்கு வந்தது. 12 வருஷமாக முன்பணம் வாங்காமல் அதன் ஜிப்பைத் திறந்ததே இல்லை.

சிகாகோவில் பிள்ளை பார்க்கும் ஆயாவாகவே பல வருஷம் வேலை பார்த்த விவியன் மேயர் என்ற பெண்மணி, கிடைத்த நேரத்திலெல்லாம் தெருவில் ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்திருக்கிறார். பல ரோல்கள் கழுவப்படாமலே கிடந்தன. வாடகை கட்டாத கிடங்குப் பெட்டி 2007-ல் ஏலம் போனபோதுதான் அவை வெளியே வந்தன. 2009-ல் அவர் இறந்துபோனார். இன்றைக்கு உலகம் முழுக்க அவர் படங்கள் கண்காட்சியில் தொங்குகின்றன. படத்தை விற்றுப் பிழைக்காமலே ஒருவர் பல வருஷம் எடுக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் அதை அப்படியே நம் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. அவர் தனியாள். கும்பகோணத்தில் என் கூட்டாளி ஒருவன் ஒரு ஜவுளிக்கடையின் ஆன்லைன் விற்பனைக்குப் புடவைப் படம் எடுக்கும் சம்பள வேலைக்குப் போனான். மாதச் சம்பளம், பிஎஃப், ஞாயிறு லீவு. நிம்மதியாகத்தான் இருக்கிறான். ஆனால் நாள் முழுக்க வெள்ளைத் திரைமுன் நின்றுவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தொடக் கூடப் பிடிக்கவில்லை என்கிறான். சம்பளத்துக்குப் போவதென்றால் கேமராவே இல்லாத வேலையாகப் பார்த்துப் போக வேண்டும் என்பது என் கருத்து. படமும் எடுக்க வேண்டும், சம்பளமும் வேண்டும் என்று போனால் பெரும்பாலும் இரண்டும் கசந்துவிடும்.

திசையை மாற்றுவது

அமெரிக்கப் போட்டோகிராபர் டாரதியா லாங், சான் பிரான்சிஸ்கோவில் பணக்காரக் குடும்பங்களை ஸ்டூடியோவில் வைத்துப் படம் எடுத்தவர். நன்றாக ஓடிய ஸ்டூடியோ. பொருளாதாரப் பெருமந்தம் வந்த காலம், கீழே தெருவில் வேலையில்லாதவர்கள் அலைவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். 1933-ல் கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கி, இலவசச் சாப்பாட்டுக்கு நின்ற வரிசையை எடுத்தார். 1936-ல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்து பசியோடு நின்ற ஒரு தாயையும் பிள்ளைகளையும் அவர் எடுத்த படத்தை நாம் எல்லோரும் எங்காவது பார்த்திருப்போம்.

இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் திசை மாறியதற்கு ஆர்வம் போனது மட்டும் காரணம் இல்லை, கீழே ஏதோ ஒன்று அவரைக் கூப்பிட்டது. அது இருந்தால் மாறலாம். கல்யாணம் போரடிக்கிறது என்பதற்காக மட்டும் ஓட்டல் மெனு கார்டுக்குத் தோசையை எடுக்கப் போனால், எட்டு மாதத்தில் தோசையும் போரடிக்கும். பழைய வாடிக்கையாளர்கள் ஒருவரும் கூட வரமாட்டார்கள், புதிய இடத்தில் முதல் வருஷம் பாதி வருமானம்கூடத் தேறாது. கூப்பிடுகிற குரல் கேட்காதவரை இது விலை கூடின வழி.

புதுக் கருவி

புது கேமரா வாங்கினால் ஆசை வரும். வந்தது எனக்கு, மூன்று வாரம். தவணை 24 மாதம் இருந்தது. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கருவியில் உருப்படியானது பழையதுதான் என்று பிறகு தெரிந்தது. மாமா வீட்டுப் பரணில் கிடந்த ஃபிலிம் கேமராவை எடுத்துத் துடைத்து, கருப்பு-வெள்ளை ரோல் போட்டேன். 36 படம், அவ்வளவுதான். பின்னால் திரை கிடையாது. எடுத்தது சரியா தப்பா என்று பார்க்க முடியாததால், எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டில் நானே கழுவினேன். ஃபிலிமைக் கழுவும் மருந்தான டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும், நம் குழாய்த் தண்ணீரோ சித்திரையில் 30 டிகிரிக்கு மேல். அன்னக்கூடையில் ஐஸ் கட்டி போட்டு, பாட்டிலை அதில் நிற்கவைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். என் மகளும் பக்கத்தில் உட்காருவாள். சுருளைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டும்போது அவள் விடும் மூச்சு இருக்கிறதே, அது எனக்குப் பெரிய விஷயம். செலவு உண்டு, ரோலும் மருந்தும் சும்மா வராது. மாதம் ஒரு ரோல் என்று வைத்துக்கொண்டால் தாங்கலாம்.

யாரும் கேட்காத ஒன்றை எடுப்பது

எனக்குக் கண்ணைத் திருப்பிக் கொடுத்த வழி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில், ஆடுதுறை தாண்டி நரசிங்கம்பேட்டை. நாதஸ்வரம் செய்யும் ஊர். நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை பிரபலமாக்கிய, நீளம் கூடின பாரி நாயனம் இங்கே ரங்கநாதன் ஆசாரி கையில் உருவானது. 2022-ல் இந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 12 வருஷம் நாதஸ்வரத்துக்கு மூன்றடி தள்ளி நின்று படம் எடுத்தவன் நான். அந்தக் கருவி எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. ஸ்டூடியோவைப் பூட்டிய அந்த ஆடியில், கடைசி வாரம், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

ஆச்சா மரத்தில்தான் செய்கிறார்கள். புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், ஈரம் முழுக்க வற்றிய தூண், உத்தரம், சட்டம் இதையெல்லாம் வாங்கி வந்து வைத்திருக்கிறார்கள். பட்டறையில் ஒரு மூலையில் அந்தக் கட்டைகள் சாய்ந்து நின்றன. ஒன்றில் பழைய ஆணி அடித்த ஓட்டை அப்படியே இருந்தது. யாருடைய வீட்டுத் திண்ணையிலோ நின்ற தூணாக இருக்க வேண்டும். அது இனி எத்தனை கல்யாணத்தில் ஊதப்போகிறதோ என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆசாரி பேசவில்லை. கட்டையைக் கடைந்து, உள்ளே துளை போட்டு, நடுநடுவே குழலைத் தூக்கி வாசல் பக்கம் காட்டி ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். துளை கோணாமல் போகிறதா என்று பார்ப்பது அது. குழலின் அந்த முனையிலிருந்து வரும் வெளிச்சம் ஒரு சின்ன வெள்ளை வட்டமாக அவர் கண்மணியில் விழுந்தது. வாயால் ஊதினார், மரத்தூள் பறந்தது, மறுபடி பார்த்தார். நான் கேமராவைத் தூக்கினேன். யார் காசு தருவார்கள், எந்தப் பக்கத்தில் வைப்பது, ரீல்ஸுக்கு நிமிர்த்தி எடுக்க வேண்டுமா என்று எதுவும் தோன்றவில்லை. மூன்று மணி நேரத்தில் எடுத்தது 11 படம். கல்யாணத்தில் அதே மூன்று மணி நேரத்தில் 1,500 எடுத்திருப்பேன்.

பிறகு வாரம் ஒரு தரம் போனேன். குழலுக்கு உலவு, கீழே விரியும் வாய்க்கு அணசு என்று உறுப்புகளின் பெயர் தெரிந்தது. விரல் வைக்கும் ஏழு துளை போக, கீழே இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்து சுருதியைச் சரிசெய்வார்கள் என்று தெரிந்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளி நாணலில் செய்வது, பக்கத்துத் திருவாவடுதுறையில் செய்கிறார்கள் என்று அங்கேயும் போனேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு முகூர்த்தம். நான் மேடையோரம் நின்றிருந்தேன். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அது என் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது அவர் எதற்காக நனைக்கிறார், எப்போது ஊதத் தொடங்குவார் என்று எனக்குத் தெரியும். கெட்டிமேளத்துக்கு ஒரு கணம் முன்னால் அவர் ஐயர் கையைப் பார்ப்பார், தவில்காரர் அவரைப் பார்ப்பார், அந்தப் பார்வை ஒரு சங்கிலி மாதிரி மேடையைச் சுற்றி வரும். அதைத் தொடர்ந்து போனால், பெண்ணின் தம்பி அட்சதையைப் போட மறந்து கையில் பிடித்தபடி அக்காவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் படம் அந்த வீட்டு ஹாலில் இப்போதும் மாட்டியிருக்கிறது. கல்யாணம் மாறவில்லை. வெளியே போய் வேறொன்றைப் பார்த்துப் பழகிய கண், திரும்பி வந்து இங்கேயும் பார்த்தது.

இதற்கும் விலை உண்டு. வாரம் ஒரு நாள், பெட்ரோல், வீட்டில் “இதுல என்ன கிடைக்கும்” என்ற கேள்வி. ரெண்டு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒன்று, அந்தப் படங்களை உடனே வெளியே போடக் கூடாது. நான் ஒரு தடவை இன்ஸ்டாகிராமில் போட்டேன். அடுத்த வாரம் பட்டறையில் நிற்கும்போது, இந்தப் படத்துக்கு எத்தனை லைக் வரும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அத்தோடு ஒரு வருஷம் நிறுத்தினேன். இரண்டு, உடம்பு தேறாமல் இதில் இறங்கக் கூடாது. முதல் இருபது நாள் நான் தூங்கியும் சும்மா கிடந்தும் இருக்காவிட்டால், அந்தப் பட்டறையும் எனக்கு இன்னொரு டியூட்டியாகத்தான் தெரிந்திருக்கும்.

விட்டுவிடுவது

இதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சுப் போட்டோகிராபர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸான், உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், 1970-களின் தொடக்கத்தில் கேமராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டார். இளம் வயதில் படித்த ஓவியத்துக்கே திரும்பிப் போனார். 2004-ல் 95 வயதில் இறக்கும்வரை வரைந்தார். அறுபது தாண்டிய வயதில் அப்படி ஒரு முடிவு எடுக்க எவ்வளவு நேர்மை வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் ஓய்ந்துபோய் விடவில்லை, வேறொன்று கையில் இருந்ததால் விட்டார். தம்பியிடம் நான் கேட்க நினைத்ததும் அதுதான்: விற்ற மறுநாள் காலையில் எதை எடுப்பாய்? அதற்குப் பதில் இருந்தால் விற்கலாம், வருத்தமே வேண்டாம். பதில் இல்லையென்றால், பாதி விலைக்குப் போகும் அந்த கேமராவை ஒரு வருஷம் அலமாரியில் வைத்திருப்பதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

நான் எந்த வரிசையில் போவேன்

உடம்புதான் என்று தெரிந்தால் ஆடி வரை காத்திருக்காமல் நாட்களைக் குறைப்பேன். ஆட்கள்தான் என்றால் ஓய்வே வேண்டாம், விலையும் கையெழுத்துத் தாளும் போதும். கண் என்றால் வாரம் ஒரு நாள், காசு வாங்காமல், வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்துக்குள் ஒரே இடம், ஆறு மாதம். முதலில் திரும்பி வரக்கூடிய வழிகளைப் பார்த்துவிட வேண்டும். நாள் குறைப்பது, ஒரு ரோல் ஃபிலிம், ஒரு பட்டறை, இதெல்லாம் சரிப்படவில்லை என்றால் அடுத்த வாரமே விட்டுவிடலாம். சம்பள வேலை, திசை மாற்றம், விற்பது எல்லாம் அதற்கு அப்புறம். நொந்துபோன மனசு நேர்மாறாகத்தான் ஓடும், பெரிய முடிவை முதலில் எடுக்கச் சொல்லும். எனக்கும் சொல்லியது. ஸ்டூடியோவின் கதவில் “வாடகைக்கு” என்று எழுதி ஒட்ட அட்டைகூட வாங்கி வைத்திருந்தேன்.

யாருக்கு எது போயிருக்கிறது என்று தெரியவில்லையா? நான் செய்து பார்த்த ஒரு வழி: தொடர்ந்து பத்து நாள் நன்றாகத் தூங்குங்கள். பதினோராம் நாள் காலை ஏழு மணிக்கு, கேமரா இல்லாமல், பக்கத்தில் இருக்கும் குளத்துப் படித்துறையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நான் மகாமகக் குளத்தில் உட்கார்ந்தேன். ஒரு தடவையாவது “அடடா, கேமரா இல்லையே” என்று கை துறுதுறுத்தால் உடம்புதான் களைத்திருந்தது, கண் இருக்கிறது. துறுதுறுக்கவே இல்லையென்றால் ஓய்வை நம்பிக் காத்திருக்க வேண்டாம், வேறு எதையாவது பார்க்கக் கிளம்ப வேண்டும்.

இதையெல்லாம் தம்பியிடம் ஆடி 18 அன்று காவேரிக் கரையில் வைத்துச் சொன்னேன். பாதி கேட்டான், பாதி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “விற்ற மறுநாள் காலையில் என்ன பண்ணுவே” என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, சின்ன வயதில் தாத்தாவோடு திருபுவனத்தில் தறிக்கூடத்துக்குப் போவான் என்றும், போய்ப் பத்து வருஷமாகிறது என்றும் சொன்னான். கேமராவை இன்னும் விற்கவில்லை. ஆவணி முதல் இரண்டு முகூர்த்தத்துக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். சரி என்றேன். அந்த நாட்களுக்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.